சைஃபுல்லாவின் இடது காது

சைஃபுல்லாவின் இடது காதில் ஒரு சத்தம் குடியேறி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு விஷக்காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்து எழுந்தபோது காய்ச்சல் போய்விட்டது, இது மட்டும் தங்கிவிட்டது. வண்டின் ரீங்காரம் என்றும் சொல்ல முடியாது, விசில் என்றும் சொல்ல முடியாது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் மெல்லிசாக ஒரு சீறல் வருமே, அதை ராத்திரி பகலாக நிறுத்தாமல் காதுக்குள் ஊதினால் எப்படி இருக்கும்? அப்படி. மனுஷன் எங்கே தூங்குவது?

வேறு யாருக்காவது வந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பியிருப்பார்கள். சைஃபுல்லா மூச்சு விடவில்லை. தேரடித் தெருவிலிருந்து பிரியும் சந்தில் அவருக்கு ஆர்மோனியம் ரிப்பேர் கடை. தொழில் ஒன்றும் நசிந்துபோகவில்லை, கொழித்துக்கொண்டுதான் இருந்தது. ஆசிரமத்துக்கு ஒரு பஜனைக் கோஷ்டி, தெருவுக்கு ஒரு யோகா ஹால், ஹாலுக்கு இரண்டு ஆர்மோனியம். வெள்ளைக்காரர்கள் ஆசையாக ஒன்றை வாங்கி, அதை வெயிலில் காருக்குள் வேகவைத்து, ரீடு குழறியதும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். ரீடு என்பது ஒரு பித்தளை நாக்கு. நுனியில் அரத்தால் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். எவ்வளவு சுரண்டலாம் என்று சொல்ல வேண்டியது காது. அந்தக் காதே கெட்டுப்போயிற்று என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? கண் தெரியாத டிரைவர் ஓட்டுகிற பஸ்ஸில் எவன் ஏறுவான்? ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்த வேலைக்குப் போய் நிற்பது? இந்தப் பயம்தான் அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

முதல் ஆறு மாதம் நரகம். அப்புறம் ஒரு நாள் மத்தியானம், பாலாஜி என்கிற பஜனைக்காரருடைய ஆர்மோனியப் பெட்டியைப் பிரித்துப்போட்டு ஒரு ரீடைச் சுரண்டுவதும் ஊதிப் பார்ப்பதுமாக இருந்தார். திடீரென்று காதிலிருந்த சத்தத்தைக் காணோம். அரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரீடு பேசியவரை காது வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. ரீடை நிறுத்திய பிறகும் நாலைந்து நொடி ஒன்றுமே இல்லை. சந்துமுனையில் ஆட்டோ திரும்பும் சத்தமும், எதிர்வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு அந்தச் சீறல் மெதுவாகத் திரும்பி வந்தது. அந்த நாலைந்து நொடிக்காக சைஃபுல்லா அன்றைக்குக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சுருதிப்பெட்டியை ஓரம் கட்டினார். செல்போனில் சுருதி பார்க்க ஒரு ஆப் இருந்தது, அதைத் திறப்பதையே விட்டுவிட்டார். எந்தப் பெட்டி வந்தாலும் சரி, தன் காதை எது அடக்குகிறதோ அந்த இடத்தில் முதல் ரீடை நிறுத்துவார். மற்ற எல்லா ரீடுகளையும் அதற்குச் சேர்ப்பார். காதின் சத்தமோ ஒரு இடத்தில் நிற்காமல், மாதத்துக்கு மாதம் துளித்துளியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்த ஆர்மோனியங்களும் கூடவே ஏறின. ஒரு பெட்டி முழுக்க ஒரே அளவாக ஏறினால் பஜனை பாடுகிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது? அவர்களும் சேர்ந்து ஏறிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சைஃபுல்லா வியாழக்கிழமை தவறாமல் தர்காவில் திக்ருக்கு உட்காருகிறவர். மக்ரிபு என்கிற அந்தித் தொழுகை முடிந்ததும் இருபது முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்து, மூச்சை இழுத்து விடுவதோடு சேர்த்து அல்லாவின் பெயரைச் சொல்வார்கள். ஒரு வியாழன், திக்ரை நடத்துகிற ஹஜ்ரத் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஆதியும் அந்தமும் இல்லாத ஓர் ஓசை உண்டு, அதற்கு ஸௌத்தே ஸர்மதி என்று பெயர், இறைநேசர்களான வலிமார்கள் குகைகளில் வருஷக்கணக்காகத் தனித்திருந்து அதைக் கேட்டார்கள் என்றார். சைஃபுல்லாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூட்டம் கலைந்ததும் ஹஜ்ரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கும் ஒரு சத்தம் நிற்காமல் கேட்கிறது என்று அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ஹஜ்ரத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது கல்புல, மனசுக்குள்ள கேக்கறது பாய், காதுல இல்ல. நீங்க மொதல்ல டாக்டர்கிட்ட போய் காதக் காட்டிட்டு வாங்க. அதுக்கப்புறமும் கேட்டுச்சுன்னா ஒக்காந்து பேசுவோம்."

சைஃபுல்லா வலிமார்களையும் குகையையும் மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் சமாசாரத்தைத் தர்கா வாசலிலேயே விட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் சினேகா வந்து சேர்ந்தாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு கீற்றுக்கூரை ஹால் போட்டு, சவுண்ட் ஹீலிங் நடத்துகிறவள். முன்பு சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். அம்மாவுக்குக் கேன்சர் முற்றி, எந்த மாத்திரைக்கும் தூக்கம் வராமல் கிடந்தபோது, யாரோ ஒரு வெண்கலக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துத் தட்டியிருக்கிறார்கள். அம்மா தூங்கிவிட்டாள். கடைசி மூன்று வாரம் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாள். அதைக் கண்ணால் பார்த்த பெண், வேலையை உதறிவிட்டு இங்கே வந்துவிட்டாள். அவளுக்குக் கிறுக்கு என்று சிலர் சொன்னார்கள். தூக்கத்தின் அருமை தெரிந்த சைஃபுல்லா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

சினேகாவின் ஹாலில் சந்திரகலா டீச்சர் தம்பூரா மீட்டிப் பாடுவார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சைஃபுல்லா ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் திக்ரு சொல்வார். முதலில் பெட்டியைச் சேர்த்துக் கொடுக்க மட்டும் போனவரை, குரல் நன்றாக இருக்கிறது என்று சினேகாதான் பிடித்து உட்காரவைத்தாள். சுற்றிலும் அவளுடைய கிண்ணங்கள். கிண்ணத்தின் சுருதியை யாரும் அரத்தால் மாற்ற முடியாது அல்லவா? அது தன் இடத்தில் நின்றது. சைஃபுல்லாவின் பெட்டி அதற்குக் கொஞ்சம் மேலே நின்றது. இரண்டும் உரசி, காற்றில் ஒரு அதிர்வு அலை அலையாகப் போய் வந்தது.

சினேகா துள்ளிக் குதித்தாள். "பாய், இந்த அலை வேற எங்கயுமே கெடைக்காது பாய்! இதுதான் ஹீலிங்கே!"

சந்திரகலா டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சைஃபுல்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்பூராவின் பிருடையைத் திருக ஆரம்பித்தார்.

"எப்படி பாய் இப்படி சேர்க்கறீங்க? அந்த ரகசியத்த சொல்லுங்களேன்" என்று சினேகா ஒரு நாள் விடாப்பிடியாகக் கேட்டாள். பாராட்டு என்றால் யாருக்குத்தான் நாக்கு நழுவாது? "ரெண்டு வருஷமா என் காதுல ஒரு சத்தம் கேக்குதும்மா. அதுக்குத்தான் சேர்க்கறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா? ஸௌத்தே ஸர்மதியையும் குகையையும் சேர்த்துச் சொன்னார். சினேகாவின் கண் கலங்கிவிட்டது.

"நம்ம பக்கம் அநாகத நாதம்னு சொல்லுவாங்க" என்றார் டீச்சர் நிதானமாக. "தட்டாம மீட்டாம தானா வர்ற நாதம். அது எல்லாருக்கும் கெடைக்காது பாய்."

அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாரோ. சைஃபுல்லாவுக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு வருஷம் பட்ட பாடெல்லாம் சும்மா இல்லை, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, யாரோ தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பே லேசாயிற்று. அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் செங்கம் ரோட்டுச் சுவரெல்லாம் போஸ்டர். 'இரண்டு வருடமாக முடிவில்லா ஓசையைக் காதில் கேட்கும் சூஃபி சைஃபுல்லாவுடன் ஒரு காலை. திக்ரு, ராகம், வெண்கல ஒலி.' நடுவில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படம். கடைக்கு வந்த ஒரு அம்மா, ஆர்மோனியம் எதுவும் கொண்டுவராமல், ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டி ஓதித் தரச் சொன்னாள். சைஃபுல்லா கூச்சப்பட்டார், ஆனால் மறுக்கவில்லை.

போஸ்டரைப் பார்த்துத்தான் அவர் மனைவி பிர்தௌஸுக்கு விஷயமே தெரிந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்தவள் பையை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரே நின்றாள்.

"காதுல சத்தமா? ரெண்டு வருஷமாவா?"

"எடது காதுல, குக்கர் சீறற மாதிரி. ஆனா அது சாதாரண சத்தம் இல்ல பிர்தௌஸ். ஹஜ்ரத்தே சொன்னாரு..."

"அல்லா உங்களக் கூப்பிடணும்னா குக்கர் மாதிரி விசில் அடிச்சா கூப்பிடுவான்?" என்று ஆரம்பித்தவள், அதைப் பாதியில் விட்டாள். "நான் எடது பக்கம் படுக்கறவ. ராத்திரி எதாச்சும் கேட்டா பதிலே சொல்லமாட்டீங்க. முதுகைக் காட்டிக்கிட்டு கெடப்பீங்க. என் மேல வெறுப்பு வந்துடுச்சுன்னு நெனச்சேன். பேச்சையே கம்மி பண்ணிட்டேன். ஊருக்கெல்லாம் போஸ்டர் ஒட்டி சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லத் தெரியலயா உங்களுக்கு?"

அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டதை அவர் கவனிக்கவே இல்லை. அது அவரை என்னவோ செய்தது. இருந்தாலும், "ஞாயித்துக்கிழமை முடியட்டும், பேசுவோம்" என்றார். மனுஷன் அவ்வளவு தூரம் போய்விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. முப்பது பாய் போட்டு, பாய்க்கு ஒரு தலையணை. பாதிப் பேர் வெளியூர், பாதிப் பேர் உள்ளூர். பாலாஜி தன் பஜனைக் கோஷ்டியோடு முன்வரிசையில் இருந்தார். சைஃபுல்லா வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிர்தௌஸ் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் கடைசித் தூணருகே வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

சினேகா எல்லாரையும் வரவேற்று, இரண்டு வார்த்தை பேசி முடித்தாள். ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஓரத்தில் இருந்து ஒருவர் எழுந்து நேராக சைஃபுல்லாவிடம் வந்தார். லுங்கிக்கு மேலே சலவைச் சட்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம். பக்கத்து நிலத்தில் சாமந்தி போட்டிருக்கிற அப்பாதுரை. ஹாலுக்குப் பூ கொடுப்பவர்.

"பாய், உங்கள ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க" என்று எதிரே குந்தினார். "எனக்கும் காதுல சத்தம் கேக்குது பாய். ஆறு மாசமா. நொய்யினு. எண்ணெ காச்சி ஊத்திப் பார்த்தேன், பஞ்சு அடச்சுப் பார்த்தேன், ஜாஸ்திதான் ஆவுது. தூங்கல பாய். ரெண்டு வாட்டி கெணத்தாண்ட போய் நின்னுட்டு வந்தேன். எம் பொண்டாட்டிக்குக் கூட தெரியாது."

ஹாலில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது.

"டாக்டராண்ட போலாம்னுதான் இருந்தேன். இந்தப் பொண்ணு சொல்லுச்சு, அது சாமி சத்தம், அதோட சண்ட போடாதீங்க, அதுக்குள்ள போங்க, பாய்க்கும் அதேதான்னு. எனக்கு அதெல்லாம் புரியல. உங்களப் பாத்தா நல்ல மனுஷனாத் தெரியுது. நீங்க சொல்லுங்க. இது நிசமா சாமியா? நீங்க ஆமான்னு சொல்லிட்டா நான் டாக்டராண்ட போவல. எப்படியாச்சும் பொறுத்துக்கறேன்."

சைஃபுல்லா வாயைத் திறந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடை பிழைக்கும், போஸ்டர் பிழைக்கும், முன்வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருக்கிற பாலாஜி நாளைக்கும் கைகூப்புவார். இல்லை என்று சொன்னால்? அந்த இரண்டு வருஷமும் வெறும் வியாதியாகப் போய்விடும். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பாக இருந்தது. ஆனால் எதிரே குந்தியிருக்கிற மனுஷன் கிணற்றங்கரையில் நின்றதாகச் சொல்கிறான். அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று சைஃபுல்லாவுக்குத் தெரியும். அவர் வீட்டில் கிணறு இல்லை, அவ்வளவுதான்.

"போங்க" என்றார். "நாளைக்கே போங்க. நானும் வர்றேன்."

"அப்ப சாமி இல்லயா?"

"இல்லீங்க. சாமியும் இல்ல, அல்லாவும் இல்ல. எனக்குக் காது கெட்டுப்போச்சு. இந்த எடது காது. காய்ச்சல்ல கெட்டுப்போச்சு. தொழில் போயிடுமோன்னு பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன், அவரு டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாரு. அத மறச்சுட்டேன். அந்த ஓசை இருக்கறது நெசம். அத கேட்டவங்க இருக்காங்க. நான் கேட்டது அது இல்ல."

சொல்லி முடித்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தூணருகே பிர்தௌஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

முதலில் பேசியது பாலாஜி. "அப்ப எங்க பெட்டி?"

"அதுவும் தப்பாத்தாங்க இருக்கும். ஒண்ணரை வருஷமா என்கிட்ட வந்த எல்லாப் பெட்டியும். கொண்டாங்க, மறுபடி சேர்த்துத் தரேன். என் காத நம்பாம, மெஷின் வச்சு சேர்த்துத் தரேன்."

சினேகாவின் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. "ஏன் பாய் என்கிட்ட சொல்லல?" என்றாள். கோபத்தில் கேட்டவளுக்குப் பாதியிலேயே வேறு ஏதோ உறைத்திருக்க வேண்டும். அப்பாதுரையின் பக்கம் திரும்பினாள். "டாக்டர்கிட்ட போகாதீங்கன்னு நான் சொல்லியிருக்கக் கூடாதுங்க. எனக்கு அதைச் சொல்ல என்ன தெரியும்? மன்னிச்சுடுங்க."

"எனக்குத் தை மாசத்துலயே தெரியும் பாய்" என்றார் சந்திரகலா டீச்சர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"தொண்டைக்குத் தெரியாம போகுமா? நான் ஐந்தரைக் கட்டையில பாடறவ. உங்க பெட்டி அதுக்கும் மேல எங்கயோ நிக்குது. அதுக்கு ஏத்தாப்பல தம்பூராவை ஏத்திக்கிட்டு நானும் கத்திக்கிட்டிருந்தேன்."

"ஏன் டீச்சர் சொல்லல?"

"அந்த ரீடு பேசினதும் உங்க முகத்துல ஒரு நிம்மதி வரும் பாய். பல்வலி நின்ன கொழந்த மாதிரி. என்ன கஷ்டமோ தெரியல, இந்த மனுஷனுக்கு இதுலதான் விடிவுன்னு விட்டுட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லியிருக்கணும். தப்பு என்மேலயும்தான்."

சைஃபுல்லா தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை மாதமாக ஒருத்தர் தனக்காகத் தப்பான சுருதியில் தொண்டையை வருத்திப் பாடியிருக்கிறார்.

வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாதுரைதான் சொன்னார்: "வந்தது வந்துட்டேன். ஒரு பாட்டாச்சும் பாடுங்கம்மா, கேட்டுட்டுப் போறேன்."

சினேகா ஆர்மோனியத்தை மூடினாள். டீச்சர் செல்போனில் சுருதியைப் பார்த்துத் தம்பூராவின் நாலு தந்தியையும் இறக்கிச் சேர்த்தார். கிண்ணங்களை சினேகா ஒன்றன்பின் ஒன்றாகத் தொட, இந்தத் தடவை அலை எதுவும் வரவில்லை. தம்பூராவும் கிண்ணமும் ஒன்றாக நின்றன. டீச்சர் தாலாட்டு ராகமான நீலாம்பரியை எடுத்தார். அவசரமே இல்லாமல், சொல் எதுவும் போடாமல், வெறும் ராகத்தை மட்டும் அகாரமாகப் பாடினார். சைஃபுல்லா சும்மா இருக்கலாம் என்றுதான் நினைத்தார். மூச்சு தானாகத் திக்ருக்குள் போய்விட்டது. லா இலாஹ இல்லல்லாஹ். காது சீறிக்கொண்டுதான் இருந்தது. அதை ஒட்டுக்கேட்காமல், அதற்கு அர்த்தம் தேடாமல், அல்லாவின் பெயரை மட்டும் சொல்லி அவருக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். கர்ரென்று ஒரு சத்தம். அப்பாதுரை பாயில் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதக் குறட்டை. கிண்ணமும் தம்பூராவும் சேர்ந்து அவர் காதின் நொய்யை மூடிவிட்டிருந்தன போலிருக்கிறது. யாரோ சிரித்தார்கள். டீச்சர் கையால் அடக்கிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். அப்பாதுரை தானாக எழுந்திருக்கும்வரை ஒன்றரை மணி நேரம் யாரும் எதையும் நிறுத்தவில்லை. சினேகா கிண்ணத்தைத் தட்டிக்கொண்டே அழுதாள்.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் பிர்தௌஸ் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். "வேங்கிக்கால்ல ஒரு காது டாக்டர் இருக்காராம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டோக்கன் போட்டாச்சு" என்றாள்.

"எப்ப போட்ட?"

"போஸ்டர் பாத்த அன்னிக்கே."

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். அப்பாதுரையை முதலில் கூப்பிட்டார்கள். பத்தே நிமிஷத்தில் வெளியே வந்தார். கையில் ஒரு பேப்பர் துண்டு, அதில் கறுப்பாக, அழுக்கேறி இறுகிப்போன ஒரு சின்ன உருண்டை.

"பஞ்சு பாய்! நான் அடச்ச பஞ்சு! உள்ளாற போய் குடுமியோட சேந்து கல்லாட்டம் ஆயிடுச்சாம்!" என்று கத்தினார். காதழுக்கை, குறும்பி என்று சொல்ல வந்தவருக்கு வாயே சுழலவில்லை. "நின்னுடுச்சு பாய். சத்தம் நின்னுடுச்சு!" சைஃபுல்லாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதார்.

சைஃபுல்லாவுக்கு சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது, ஒரு நொடி பொறாமையும் வந்தது. தன் காதிலும் ஒரு பஞ்சு இருந்துவிடக் கூடாதா என்று மனம் ஏங்கியது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது, உள்ளே நரம்பைப் பார்க்க வேண்டும் என்றார். சத்தம் போகாமலே இருக்கலாம், ஆனால் காது கேட்கும் மெஷின் வைத்தால் சத்தத்தின் கொடுமை குறையும், மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் காப்பாற்றலாம் என்றார். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, சைஃபுல்லாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

டெஸ்ட் எடுக்க, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி வைத்த சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சுத்துணி ஒட்டியிருந்தது. வெளிச்சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வராது. மெஷின் பார்க்கிற பெண் தமிழ்செல்வி அவர் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "அய்யா, சத்தம் எவ்ளோ சின்னதா கேட்டாலும் சரி, கேட்டதும் இத அமுக்குங்க. கேக்கலன்னா விட்டுடுங்க. யோசிக்காதீங்க. கேக்கறத கேக்குதுன்னு சொல்லுங்க, அவ்ளோதான்."

கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பிர்தௌஸும் அப்பாதுரையும் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த நிசப்தத்தில் அந்தச் சீறல் இதுவரை இல்லாத அளவுக்குப் பெரிதாக எழுந்தது. சைஃபுல்லா பட்டனை அழுத்தினார். அந்தப் பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

தமிழ்செல்வி மைக்கில் குனிந்தாள். "அய்யா, கைய எடுங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

"எனக்கு ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சும்மா" என்றார் சைஃபுல்லா. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.